‘அகைன் துரை’ வேண்டாம் என்று சொன்ன நாள்

எங்கள் ராஜபாளையம் பேண்டேஜ் துணி ஆலையின் மடிப்புப் பகுதியில் எனக்கு ஒரு பட்டப்பெயர் இருந்திருக்கிறது. ஓய்வு பெறுகிற வாரத்தில்தான் அது என் காதுக்கு எட்டியது. ‘இன்னொருக்க அய்யா’ என்பார்களாம். மடித்த துணியை யார் கொண்டுவந்து காட்டினாலும் என் வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தை அதுதானாம். “நல்லாருக்குன்னு ஒரு நாளாவது சொல்லிருக்கீகளா அய்யா? எங்கதான் படிச்சீக இந்த வழக்கத்தை?” என்று பிரிவுபசார டீ குடிக்கும்போது முத்துலட்சுமி கேட்டேவிட்டாள். அவளும் மடிப்பு மேசையிலேயே நரை கண்டவள். கேட்க உரிமை உள்ளவள்தான். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆலை மலருக்கு இதையே எழுதிக் கொடுங்கள் என்று பிடித்துக்கொண்டார்கள்.

படித்தது ராஜபாளையத்தில் இல்லை. யுத்த காலத்தில், ராவல்பிண்டிக்குப் பக்கத்தில் ஒரு விமானத்தளத்தில், ஆகாயத்திலிருந்து குதிக்கும் சிப்பாய்களுக்குப் பாரசூட் மடித்துக் கொடுத்த கொட்டகையில் படித்தேன். பாரசூட் என்றதும் நான் பறந்து பறந்து சண்டை போட்டவன் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். நான் குதித்தது ஒரே ஒரு முறை. அதுவும் என் வேலை அல்ல. ஆனால் அந்த ஒரு முறையைச் சொல்லாமல் முத்துலட்சுமிக்குப் பதில் சொல்ல முடியாது.

நான் சோழபுரத்துக்காரன். மில்லில் துணி மடிக்கும் வேலையில் இருந்தேன். தேவசகாயம் மம்சாபுரத்துக்காரன். ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிக்குப் பக்கத்தில் ஒரு தையல் கடையில் இருந்தான். என் சட்டைகளை அவன்தான் தைப்பான். சொன்ன நாளில் ஒரு சட்டையைக்கூடத் தந்ததில்லை, தந்த சட்டையில் ஒரு குறையும் இருந்ததில்லை. யுத்தத்துக்கு ஆள் எடுக்க வந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இரண்டு பேரும் போய் வரிசையில் நின்றோம். துணி வேலை தெரிந்தவர்கள் தனியாக வாருங்கள் என்றார்கள். தேவசகாயம் என் கையைப் பிடித்து இழுத்தான்.

“ஏலே குருசாமி, வாலே. காக்கி டவுசருக்குக் காஜா எடுத்தே யுத்தத்தை முடிச்சிரலாம்.”

ரயிலடியில் அவனுடைய அம்மா என்னிடம்தான் பேசினார்கள். “தம்பி, இவனுக்குக் கைதான் பேசும். வாய் பேசத் தெரியாது. யாரும் ஏதும் சொல்லிட்டா உள்ளுக்குள்ளயே வச்சு மருகுவான். நீங்கதான் பாத்துக்கிடணும்” என்றார்கள். பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். எல்லோரும் சொல்வதுதானே.

பரேடு, சல்யூட், கோதுமை ரொட்டி, குளிர் என்று அந்த முதல் மாதங்களைப் பற்றி எழுதுவதற்கு ஒன்றுமில்லை. ஊரில் மார்கழி என்றால் குளிர் என்று நினைத்திருந்தோம், அது தப்பு என்று தெரிந்துகொண்டோம். பிறகு காஜா எடுக்கும் கனவும் போய், ஒரு நீளக் கொட்டகைக்குள் கொண்டுபோய் விட்டார்கள்.

உள்ளே மேசைகள். எங்கள் தெருவைவிட நீளம் என்று தேவசகாயம் ஊருக்கு எழுதினான். பொய்தான், ஆனால் பெரிய பொய் இல்லை. பக்கத்தில் கூரை உயர்ந்த ஒரு கூடம். குதித்து முடித்த பாரசூட்டுகளை அங்கே உச்சியில் கட்டித் தொங்கவிட்டு ஈரம் போக உலர்த்துவோம். அப்புறம் மேசைக்குக் கொண்டுவந்து, உச்சியை ஒரு முனையில் மாட்டி, கயிறுகளை மறு முனையில் இழுத்துக் கட்டி, பட்டுத் துண்டுகளை ஏடு ஏடாக இரண்டு பக்கமும் சரிபாதி விரிக்க வேண்டும். பட்டு வழுக்கும். ஒரு பக்கத்தைச் சரி செய்தால் மறு பக்கம் நழுவும். அதற்காக ஈயக்குண்டு தைத்த சின்னச் சின்னப் பைகளை மேலே வைத்து அமுக்கிக்கொண்டே போவோம். கயிறுகளை ஒரு நீளக் கொக்கியால் கண்ணி கண்ணியாக உறைக்குள் செருக வேண்டும். ஒரு கயிறு இன்னொன்றைத் தாண்டி ஓடிவிடக் கூடாது. கடைசியில் உச்சியை உறையோடு ஒரு மெல்லிய நூலால் கட்டுவோம். சிப்பாய் குதித்ததும் விமானத்தில் மாட்டிய வார் உறையைப் பிடித்துக்கொள்ளும், கயிறு ஓடும், பட்டு நீளும், முடிவில் அந்த நூல் அறும். அறுந்தால்தான் குடை விமானத்தை விட்டு விலகி விரியும். ஒரு மனிதனின் உயிர் ஒரு நூல் சரியான நேரத்தில் அறுவதில் இருக்கிறது என்பது முதலில் எங்களுக்கு மனசில் ஏறவே இல்லை.

ஏற்றியவர் எங்கள் சார்ஜென்ட். வெள்ளைக்காரர், ஒல்லி, முகத்தில் அம்மைத் தழும்பு. தினமும் காலையில் கொட்டகைக்குள் வந்ததும் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, ஒவ்வொரு மேசையின் மேலும் உள்ளங்கையை வைத்து அந்த முனைவரை தடவிக்கொண்டே நடப்பார். எங்காவது ஒரு மரச் சிலாம்பு கையில் குத்தினால் அந்த மேசையில் அன்று வேலை கிடையாது. சிலாம்பு பட்டைக் கிழிக்கும் என்று எங்களுக்கு அவர் விளக்கிச் சொன்னதில்லை. குத்திய கையை எங்கள் பக்கம் நீட்டிக் காட்டுவார், அவ்வளவுதான்.

நாங்கள் மடித்து முடித்ததும் பக்கத்தில் வந்து நிற்பார். செத்த பாம்பைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். பிறகு வாரைப் பிடித்து ஒரே இழுப்பு. காலையிலிருந்து மடித்தது மொத்தமும் தரையில் சரிந்து கிடக்கும். “அகைன்” என்பார். மறுபடி மடிப்போம், மறுபடி இழுப்பார், அதே சொல். கத்த மாட்டார், திட்ட மாட்டார். இரண்டு வசவு வாங்கினாலாவது மனசு ஆறும், அதற்கும் வழியில்லை. பழகிய பிறகு இழுப்பதை நிறுத்தினார். சொல்லை மட்டும் நிறுத்தவில்லை. எது நன்றாக இருந்தது என்பதை அவர் பேசாமல் அடுத்த மேசைக்குப் போவதிலிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘அகைன் துரை’.

பெயர் வைப்பதில் எங்களுக்குக் குறைவே இல்லை. கொட்டகையிலும் ஆஸ்பத்திரிப் பிரிவிலுமாகத் தமிழர்கள் கொஞ்சம் பேர் இருந்தோம். குதிக்கிற சிப்பாய்கள் பஞ்சாப், மராட்டியம் என்று பல ஊர்க்காரர்கள். அவர்கள் பாரசூட்டை ‘சத்ரி’ என்பார்கள், குடை என்று அர்த்தம். அப்போதிருந்த பழைய விமானங்களில் குதிப்பதற்குக் கதவு கிடையாது, தரையில் ஒரு வட்ட ஓட்டை. அதற்கு ‘கிணறு’ என்று பெயர் வைத்தோம். நிமிர்ந்தபடி இறங்காமல் குனிந்தவனுக்கு எதிர் விளிம்பில் மூக்கு உடையும். அவன் ‘கிணத்துக்கு முத்தம் கொடுத்தவன்’. கயிறு முறுக்கிக்கொண்டால் ‘சடை’. கடைசி நேரத்தில் குதிக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டவன் ‘தண்ணி ஆழம் பார்த்தவன்’. அவனை யாரும் கேலி செய்ததில்லை. ஆனால் மற்றவர்கள் மைதானத்திலிருந்து திரும்புவதற்குள் அவனுடைய படுக்கையைச் சுருட்டி அவனைப் பழைய பட்டாளத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

விரியாமல் நீளமாகவே வருகிற பாரசூட்டுக்குத் தேவசகாயம் வைத்த பெயர் ‘புடலங்காய்’. எங்கள் பக்கம் புடலங்காய் நேராக வளர நுனியில் கல் கட்டித் தொங்கவிடுவார்கள் இல்லையா, அதுதான். கல்தான் மனிதன். சொன்னபோது எல்லோரும் சிரித்தோம். மெஹர் சிங் என்ற பஞ்சாபி ஹவில்தார் அந்தச் சொல்லை நாக்குச் சுளுக்க மனப்பாடம் செய்துகொண்டு, தன் ஆட்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தார்.

ஒவ்வொரு பாரசூட்டின் உறையிலும் ஒரு சின்ன அட்டை உண்டு. மடித்தவன் அதில் கையெழுத்துப் போட வேண்டும். சிப்பாய்களில் பலருக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் தேவசகாயம் கையெழுத்துக்கு மேல் ஒரு சின்னச் சிலுவை போடுவான், சர்ச் பள்ளிக்கூடத்துப் பழக்கம். அதை யாரும் அடையாளம் கண்டுகொள்ளலாம். ஒருநாள் பலத்த காற்றில் பல பேருக்குக் கால் ஒடிந்தபோது சிலுவை போட்ட சத்ரியில் வந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவ்வளவுதான், அவனுக்குக் கைராசி என்று ஆகிப்போயிற்று. “கிராஸ்வாலா கொடு, கிராஸ்வாலா கொடு” என்று சத்ரி வழங்கும் ஜன்னலில் நெருக்கினார்கள். தேவசகாயத்துக்கு முகம் கொள்ளாத சிரிப்பு. கைராசி என்பது நம் ஊர் வைத்தியர்களுக்கும் விதை போடுகிறவர்களுக்கும் மட்டும் என்று நினைத்திருந்தேன். பட்டாளத்திலும் அதுதான் கதை. ராசி என்று ஒரு வாசல் திறந்தால் அதே வாசல் வழியாக இன்னொன்றும் உள்ளே வரும் என்று அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை.

அந்த இன்னொன்று ஒரு தெளிந்த காலையில் வந்தது. கொட்டகை வாசலில் நின்று குதிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். குடைகள் வரிசையாக விரிந்தன. ஒன்று விரியவில்லை. யாரோ வாய்தவறித் தேவசகாயம் வைத்த அந்தப் பெயரைச் சொன்னார்கள். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை எங்களில் யாரும் சொன்னதில்லை. இறந்தவன் சின்ன வயசுக்காரன், மெஹர் சிங்கின் ஆள். சத்ரியைக் கொண்டுவந்தார்கள். அட்டையில் சிலுவை இருந்தது.

விசாரணை நடந்தது. அகைன் துரை அந்தப் பாரசூட்டை மேசையில் விரித்து ஒவ்வொரு கயிறாக அதிகாரிகளுக்குக் காட்டினார். பையன் இறங்கும்போது குட்டிக்கரணமாகப் புரண்டிருக்கிறான், ஓடுகிற கயிற்றில் கால் சிக்கிவிட்டது, மடிப்பில் தவறில்லை என்று முடிவு சொன்னார்கள். காகிதத்தில் எல்லாம் சரி. மறுநாள் ஜன்னலில் சிப்பாய்கள் அட்டையை இழுத்துப் பார்த்தார்கள், சிலுவை இருந்தால் பேசாமல் திருப்பி வைத்தார்கள். தேவசகாயம் சிலுவை போடுவதை விட்டான். பலனில்லை, அவன் கையெழுத்தே அவர்களுக்குப் பழகியிருந்தது. அலமாரியில் அவன் மடித்தவை மட்டும் மிஞ்சி நின்றன.

அவர்களைக் குறை சொல்ல நான் யார்? கிணற்றில் இறங்கப் போகிறவர்கள் அவர்கள். என்னால் தாங்க முடியாதது வேறொன்று. தேவசகாயமும் தன்னை நம்பாமல் போனான். மடித்ததை அவனே பிரித்தான், மடித்தான், மறுபடி பிரித்தான். நாங்கள் இரண்டு முடிக்கும் நேரத்தில் அவன் ஒன்றும் முடித்திருக்க மாட்டான். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து கையையே பார்த்துக்கொண்டிருப்பான். அவனுடைய அம்மா ரயிலடியில் சொன்னது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஒருநாள் துரையிடம் போய் அட்டென்ஷனில் நின்று, தான் மடித்த சத்ரியில் தானே குதித்துக் காட்டுவதாகக் கேட்டான். பழைய பட்டாளங்களில் அப்படி ஒரு வழக்கம் உண்டு என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அன்று மாலை என்னிடம் சொன்னான்: “கர்த்தரைச் சோதிக்கப்படாதும்பாரு எங்க அய்யா. நான் சோதிக்கத்தாம்லே போறேன். தப்பு எம்மேலன்னா கீழ விழுந்திட்டுப் போறேன்.”

துரை அவனை அனுப்பவில்லை. ஏன் என்று எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி ஹிந்துஸ்தானியில், அவருக்குத் தெரிந்த அளவில் சொன்னார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. “இவன் சத்ரியைச் சோதிக்கவில்லை, தன்னைத் தண்டிக்கப் பார்க்கிறான். உயிரோடு இருக்க ஆசைப்படுகிற ஒருவன் இதில் குதிக்க வேண்டும். அப்போதுதான் அது சோதனை.”

யார் என்று எங்களைப் பார்த்தார். உயிரோடு இருக்க எனக்கு ரொம்ப ஆசை. ஊரில் எனக்குப் பெண் பேசி வைத்திருந்தார்கள். கை எப்படி உயர்ந்தது என்று எனக்குத் தெரியாது, ஆனால் உயர்ந்தது என்னுடைய கைதான். அவனுடைய மடிப்பை நம்பி உயர்த்தினேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். உண்மை அதுவல்ல. யாரும் தொடாத அந்தச் சத்ரிகளின் முன்னால் அவன் தினமும் நிற்பதை இனிமேல் பார்க்கச் சகிக்கவில்லை.

என்னைத் தரைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஓடுகிற லாரியின் பின்பக்கத்திலிருந்து குதி, முழங்காலையும் பாதத்தையும் சேர்த்து வை, உருளு என்று மெஹர் சிங் படுத்தி எடுத்தார். “மடிக்கிற ஆளுக்கு இறங்கத் தெரியவில்லையே” என்று சிரித்தார். தன் ஆட்களில் ஒரு பையனை இழந்த மனிதர். அவர் சிரித்தது எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது.

குதிக்கிற நாள் காலை, துரை மெஹர் சிங்கைக் கூப்பிட்டு, மிஞ்சிக் கிடந்தவற்றில் எது வேண்டுமோ அதை எடுக்கச் சொன்னார். ஹவில்தார் அடியிலிருந்து ஒன்றை உருவினார். சிலுவை போட்டிருந்த காலத்தது. மேசையில் வைத்தார். அதுவரை சுவரோரம் நின்றிருந்த தேவசகாயம் ஓடிவந்து அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டான்.

“அதை எடுக்காதலே. அதை எப்ப மடிச்சேன்னே ஞாபகமில்ல. செத்த நேரம் பொறுலே, பிரிச்சு ஒருக்கப் பாத்துட்டுத் தாரேன். உங்கப்பன் ஆத்தாளுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?”

பிறகு துரை பக்கம் திரும்பி, அவருடைய சொல்லிலேயே கெஞ்சினான். “சார், அகைன்? சார், அகைன்?”

துரை வந்தார். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உறையின் விளிம்பில், வெளியில் தெரிந்த கண்ணிகளின் மேல் விரலை ஓட்டினார். காலையில் மேசையைத் தடவுவதுபோல் மெதுவாகத்தான் தடவினார். பிறகு தேவசகாயத்தின் கைகளை அதன் மேலிருந்து எடுத்துவிட்டார்.

“நோ,” என்றார். “திஸ் இஸ் ரைட்.”

எங்கள் யாருக்கும் அவர் அதுவரை சொல்லாத சொல். தேவசகாயம் அவரையே பார்த்தான். நான் சத்ரியை முதுகில் மாட்டிக்கொண்டேன்.

விமானத்தில் ஏறிய பிறகு நடந்ததில் பாதி நினைவில்லை. கிணற்றின் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்ததும், கீழே வயல்கள் பாய் விரித்ததுபோல் ஓடியதும், மெஹர் சிங் என் வாரை இழுத்துப் பார்த்து முதுகில் தட்டியதும் நினைவிருக்கிறது. நிமிர்ந்தபடி இறங்கினேன். காற்று காதை அடைத்தது. கயிறு உருவிக்கொண்டு போவது முதுகில் தெரிந்தது, ஒவ்வொரு கண்ணியாகத் தட் தட்டென்று. மேசையில் தினமும் கொக்கியால் செருகுகிற கண்ணிகளை அதற்கு முன் அப்படி உணர்ந்ததே இல்லை. ஒரு குலுக்கல். தலைக்கு மேல் வெள்ளை. நான் அழுதேன். சந்தோஷத்திலா பயத்திலா என்று கேட்காதீர்கள், இரண்டும்தான்.

இறங்கும்போது கற்றுக்கொண்டதெல்லாம் மறந்துபோய், ஒற்றைக் காலை ஊன்றிக் கணுக்காலைப் பிசகிக்கொண்டேன். தேவசகாயம் மைதானத்தின் குறுக்கே ஓடி வந்தான். என்னைத் தூக்குவான் என்று கையை நீட்டினேன். அவன் என்னைத் தாண்டிப் போய்ப் பட்டைப் பிடித்தான். காற்றில் புரண்டுகொண்டிருந்ததை அமுக்கி, உச்சியைத் தேடி, அறுந்த நூலின் நுனியைக் கண்டுபிடித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். கயிறுகளை ஒவ்வொன்றாகக் கைக்குள் விட்டுப் பார்த்தான்.

“ஏலே, இங்க ஒருத்தன் கால் ஒடிஞ்சு கெடக்கேன்” என்று கத்தினேன்.

“சரியாத்தாம்லே மடிச்சிருக்கேன்” என்றான். அதற்கப்புறம்தான் உட்கார்ந்து என் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு விம்மினான்.

மறுநாள் ஜன்னலில் முதலில் வந்து நின்றவர் மெஹர் சிங். “கிராஸ்வாலா” என்றார். பின்னால் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து துரை ஒரு மாற்றம் செய்தார். கையெழுத்து உள்பக்கம் இருக்கும்படி அட்டையை வைத்து, அட்டை செருகும் சின்னப் பையின் வாயைத் தைத்துவிடச் சொன்னார். யார் மடித்தது என்பது அவருக்குத் தெரிந்தால் போதும். ராசிக்காரனும் இல்லை, ராசி கெட்டவனும் இல்லை. தேவசகாயம் மறுபடி சிலுவை போட ஆரம்பித்தான். அதை இனி யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும் போட்டான்.

யுத்தம் முடிந்து ஊருக்கு வந்தோம். அவன் ஸ்ரீவில்லிபுத்தூரில் சொந்தமாகத் தையல் கடை போட்டான். நான் இந்த ஆலைக்கு வந்தேன். ஆடிப்பூரத் தேருக்குப் போன ஒரு வருஷம், அவன் கடையில் உட்கார்ந்து பழைய கதை பேசிக்கொண்டிருந்தபோது, அவனுக்காக நான் குதித்ததை அங்கிருந்தவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் தையல் மெஷினை நிறுத்தினான்.

“நீ குதிச்சதுக்கு நான் சாகுற மட்டும் நன்றியா இருப்பேன்லே. ஆனா என்னைய மனுசனாக்குனது நீ கீழ வந்து சேந்தது இல்ல. நீ மேல போறதுக்கு முன்னாலயே அந்த ஆளு ‘நோ’ன்னாருல்லா, அதுதான்.”

எனக்குச் சுருக்கென்றது. உயிரைப் பணயம் வைத்தது நான், மழைக்காலம் வந்தால் நொண்டுகிற கணுக்கால் என்னுடையது, பேர் மட்டும் துரைக்கா? எழுந்து போய் பஸ் ஏறிவிட்டேன். வன்னியம்பட்டி தாண்டுவதற்குள் கோபம் வடிந்தது. அவன் சொன்னது சரி. நான் குதித்தது சத்ரி நன்றாக இருக்கிறது என்று சிப்பாய்களுக்குக் காட்டியது. அவனுக்கு வேண்டியிருந்தது வேறு. எதையும் லேசில் ஒப்புக்கொள்ளாத ஒரு மனிதர் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. ஆயிரம் முறை ‘மறுபடி’ என்றவர் சொன்னதால்தான் அந்த ஒரு ‘வேண்டாம்’ அவனைத் தூக்கி நிறுத்தியது.

தேவசகாயம் காலமாகிவிட்டான். துரை எங்கே போனாரோ தெரியாது. அவருடைய முதல் சொல்லை மட்டும் நான் ஆலைக்கு எடுத்து வந்துவிட்டேன் போலிருக்கிறது.

பிரிவுபசாரத்துக்கு மறுநாள் என் கடைசி ஷிப்டு. முத்துலட்சுமி ஒரு பண்டிலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். விளிம்பில் விரலை ஓட்டினேன். நான் வாய் திறப்பதற்குள் அவளே அதைத் தூக்கிக்கொண்டு, “இன்னொருக்க மடிச்சிட்டு வாரேன் அய்யா” என்று திரும்பினாள்.

“வேண்டாம்மா” என்றேன். “இது சரியா இருக்கு.”

அவள் அதைப் பெட்டியில் வைக்கவில்லை. கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.